சிங்கப்பூர் தேக்கா பக்கம் இருக்கிற அட்மிஷன் ஏஜென்சி: பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

ஏசிக்கு ஒரு ஸ்டார். அதுக்கு மேல போட மனசு வரல.

கடை பேரை எழுதல, வம்பு எதுக்கு, ஆனா அந்தப் பக்கம் ஞாயித்துக்கிழமை சுத்துறவங்களுக்கு புரிஞ்சிடும். சிராங்கூன் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற சந்து, கீழ மளிகைக்கடை, மேல ரெண்டாவது மாடி, படி ஏறும்போதே ஊதுபத்தி வாசனையும் வெங்காய மூட்டை வாசனையும் சேர்ந்து வரும். கண்ணாடிக் கதவுல "வெளிநாட்டுல உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு தமிழ்நாட்டில் உறுதியான சீட்"னு பெருசா ஒட்டியிருக்கு, பக்கத்துல பட்டம் வாங்குற தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படம், அந்தப் பொண்ணு எந்த ஊர்ல இன்ஜினியரிங் கவுன்சலிங் போச்சோ தெரியல.

நான் எனக்காகப் போகல. எங்க யார்டுல வெல்டரா இருக்கிற ஒரு தம்பிக்காகப் போனேன். பெரம்பலூர் பக்கம் கிராமம், 11 வருஷமா ஒர்க் பர்மிட்ல இங்க இருக்கான், ஒரு நாளைக்கு அடிப்படை 26 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைம் பார்த்தா தான் ஊருக்கு அனுப்ப ஏதாவது மிஞ்சும். பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கு. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஊர்ல இருக்கிற அரசுப் பள்ளி தான். மேத்ஸ் 88, பிசிக்ஸ் 80, கெமிஸ்ட்ரி 84. மேத்ஸை அப்படியே எடுத்துக்கிட்டு மத்த ரெண்டையும் பாதியாக்கினா கட்ஆஃப் 200க்கு 170 வருது. வீட்டுல முதல் ஆளா காலேஜ் போற பொண்ணு. தம்பி முந்தின வாரமே தனியாப் போய் 300 வெள்ளி அட்வான்ஸ் கட்டிட்டான், அப்புறம் தான் "அண்ணே கையெழுத்துப் போடச் சொல்றாங்க, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு, கொஞ்சம் கூட வாங்களேன்"னு கூப்பிட்டான்.

மூணு மணிக்கு அப்பாயின்ட்மென்ட், உள்ள கூப்பிட்டது மூணு அம்பதுக்கு. அந்த அம்பது நிமிஷத்துல வெளிய உக்காந்திருந்தவங்களை எண்ணினேன், ஒன்பது பேரு, எல்லாரும் நம்ம டாமெட்ரி (வேலையாள் விடுதி) ஆளுங்க, கையில பிளாஸ்டிக் கவர்ல மார்க் ஷீட் காப்பி. தண்ணி கூட வைக்கல. உள்ள போனதும் டை கட்டின ஒருத்தர் என் சட்டையைப் பார்த்து "சார் உக்காருங்க"ன்னாரு, தம்பியைப் பார்த்து "வாப்பா"ன்னாரு. காசு குடுக்கிறது அந்த வாப்பா தான்.

பேக்கேஜ் 1,800 வெள்ளி. அதுல "கவுன்சலிங் கைடன்ஸ்", "காலேஜ் பேச்சுவார்த்தை", அப்புறம் "டாக்குமென்ட் சார்ஜ்"னு தனியா 150 வெள்ளி. அது என்ன டாக்குமென்ட்னு கேட்டேன், சாதிச் சான்றிதழ் வாங்கித் தர்றதாம். ஊர்ல இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி விண்ணப்பம் போட்டா தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வந்துடும், அதுவும் அந்தப் பொண்ணுகிட்ட ஏற்கெனவே இருக்கு, பள்ளிக்கூடத்துலயே கேட்டு வாங்க வச்சுட்டாங்க.

சரி, இதெல்லாம் எந்த ஏஜென்ட் ஆபீஸ்லயும் இருக்கிற கொள்ளை தான், இதுக்காக நான் இவ்ளோ நீளமா எழுத மாட்டேன்.

"என்ன கம்யூனிட்டி"ன்னு கேட்டாரு. தம்பி "எஸ்சி சார்"னான். அவரு அப்படியே முன்னாடி சாஞ்சு குரலை இறக்கி, நாங்க ஏதோ திருட்டு சாமான் விக்க வந்த மாதிரி, "அந்த கோட்டாவுல போக வேணாம்ப்பா, 18 பர்சன்ட் தான், சீட்டு கிடைக்காது, கிடைச்சாலும் காலேஜ்ல பொண்ணுக்கு மரியாதை இருக்காது, கூடப் படிக்கிறதுங்க பேசும், மேனேஜ்மென்ட் கோட்டா எடுத்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, நீ வேற சிங்கப்பூர்ல இருக்க, என்ஆர்ஐ கோட்டா கூட ட்ரை பண்ணலாம்"ங்கிறாரு. தம்பி தலையை ஆட்டுறான். அவன் காது நுனி சிவந்ததைப் பார்த்தேன், வெல்டிங் வெயில்ல கூட அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்ல.

அவரு சொன்ன ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாருங்க. மேனேஜ்மென்ட் கோட்டா ஒரு கோட்டா. சிறுபான்மை இல்லாத தனியார் காலேஜ் 65 பர்சன்ட் சீட்டை அரசு கவுன்சலிங்குக்குக் குடுக்கணும், மீதி 35ஐ அவங்களே நிரப்பிக்கலாம், காசு இருக்கிறவன் வருவான். என்ஆர்ஐயும் கோட்டா தான், 15 பர்சன்ட் வரைக்கும் வச்சுக்கலாம்னு 2005ல சுப்ரீம் கோர்ட் இனாம்தார் வழக்குல சொல்லிடுச்சு. இந்த ரெண்டையும் அவரு மெனு கார்டு மாதிரி சத்தமா வாசிச்சாரு, எஸ்சின்னு வந்ததும் மட்டும் குரல் இறங்கிப் போச்சு. ஏன்னா அதுல அவருக்கு கமிஷன் இல்ல.

அந்த "18 தான்" கணக்கும் தப்பு. தமிழ்நாட்டுல மொத்தம் 69 பர்சன்ட் இடஒதுக்கீடு, பிசிக்கு 30 (அதுக்குள்ள பிசி முஸ்லிமுக்கு மூணரை), எம்பிசிக்கு 20, எஸ்சிக்கு 18 (அதுல அருந்ததியருக்கு 3), எஸ்டிக்கு 1. மிச்சம் 31 ஓப்பன் காம்பெடிஷன், அது யாருக்கும் தனியா எழுதி வச்சது இல்ல, எஸ்சி பொண்ணு மார்க் எடுத்திருந்தா அதுலயே போகும், அது போக அந்த 18லயும் இடம் இருக்கும். 1992ல சுப்ரீம் கோர்ட் மண்டல் தீர்ப்புல 50க்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறமும் 69 நிக்கிறதுன்னா 1994ல சட்டம் போட்டு, அதை அரசமைப்போட 76ஆவது திருத்தத்துல ஒன்பதாவது அட்டவணைக்குள்ள (அதுல இருக்கிற சட்டத்தை கோர்ட்டுல கேள்வி கேக்கிறது கஷ்டம்) கொண்டு போய் வச்சதால தான். இதை அட்மிஷன் ஏஜென்சி நடத்துறவர் தெரியாமலா இருப்பாரு.

இதெல்லாத்தையும் விடப் பெரிய விஷயத்தை அவரு வாயே திறக்கல. அரசுப் பள்ளில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பிள்ளைங்களுக்கு 7.5 பர்சன்ட் தனி ஒதுக்கீடு இருக்கு. 2020ல மெடிக்கலுக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, சட்டம்னு மத்த தொழில் படிப்புக்கும் சட்டம் போட்டாங்க. அந்த 7.5க்குள்ளயும் 69 கணக்கு ஓடும். அதுல சீட்டு கிடைச்சா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுது. அதாவது அந்தப் பொண்ணு அப்பன் காசுல ஒரு வெள்ளி கூட காலேஜுக்குக் கட்டாம இன்ஜினியரிங் படிக்க வழி இருக்கு. இந்த ஆள் அந்த அப்பன்கிட்ட 1,800 வெள்ளி வாங்கிக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டரை லட்ச ரூபா ஃபீஸ் இருக்கிற மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாரு, அதுக்கும் மேல "நன்கொடை"ன்னு ஒரு வார்த்தை வேற காத்துல விட்டாரு. 1992லயே அதைத் தடை பண்ணி தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு சார்னேன். அப்போ தான் என்னை ஒழுங்காப் பார்த்தாரு.

"அரசுப் பள்ளியா, மார்க் ஷீட்ல கவனிக்கலையே"ன்னு சமாளிச்சாரு. மார்க் ஷீட்டுல பள்ளிக்கூடம் பேரு தான் மேல இருக்கு.

அப்புறம் பேச்சு மாறி, "சார் நீங்க சிங்கப்பூரியன், உங்களுக்கே தெரியும், இங்க கோட்டா கீட்டா கிடையாது, அதான் நாடு முன்னேறிடுச்சு"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கோட்டா கிடையாதா? நான் போன வருஷம் ஜூரோங் வெஸ்ட் வீட்டை விக்க நின்னப்போ எங்க பிளாக்ல சீனர் விகிதம் நிறைஞ்சிடுச்சு, சீனர்கிட்ட விக்க முடியாதுன்னு சொன்னாங்களே, 1989ல இருந்து வீவகல (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) இருக்கிற இன விகிதம் அது பேரு என்னவாம். ஒண்ணாவது வகுப்புப் பதிவுல ஸ்கூலோட தொடர்பு எதுவும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைங்களுக்குன்னு ஒவ்வொரு ஸ்கூல்லயும் 40 இடம் ஒதுக்கி வைக்கிறாங்க, 2022க்கு முன்னாடி அது 20, அது ஏன்? அரசமைப்புல 152ஆவது பிரிவு மலாய்க்காரங்களோட சிறப்பு நிலையை ஏத்துக்கிட்டு எழுதியிருக்கு, வருமானம் பார்த்து அவங்களுக்கு உயர்கல்விக் கட்டணத்துல உதவியும் இருக்கு. நமக்கு 1991ல சிண்டா (இந்தியர்களுக்கான கல்வி உதவிச் சங்கம்) வந்துச்சு, சம்பளத்துல இருந்து ஒரு வெள்ளில ஆரம்பிச்சு முப்பது வெள்ளி வரைக்கும் மாசா மாசம் பிடிக்கிறாங்களே, அந்தக் காசுல தானே டியூஷன் ஓடுது. இங்க யூனிவர்சிட்டி சீட்டுல சாதிக்கணக்கு இல்லங்கிறது உண்மை, ஆனா பின்னாடி நிக்கிறவனுக்கு யாரும் கை குடுக்கலன்னு சொன்னா அது பொய்.

இதை இப்போ கோர்வையா எழுதுறேன், அங்க அப்படியெல்லாம் பேசல, கோவத்துல பாதி வாய்லயே நின்னு போச்சு.

என் கதையையும் சொல்லிடறேன், இல்லன்னா இவன் யாரு பேசன்னு கேப்பீங்க. பட்டுக்கோட்டை பக்கம், அப்பா டீக்கடை, நான் பிசி கோட்டாவுல 1998ல சீட்டு வாங்கினவன். அப்போ நுழைவுத்தேர்வு வேற இருந்துச்சு, 1984ல வந்தது, 2007ல தான் எடுத்தாங்க, டவுன்ல கோச்சிங் போன பசங்க கூட ஓடணும். சென்னையில அண்ணா யூனிவர்சிட்டி ஹால்ல நானும் அப்பாவும் முந்தின நாள் ராத்திரி பஸ்ஸுல போய் பல் தேய்க்காம உக்காந்திருந்தோம், ஸ்கிரீன்ல எந்தக் காலேஜுல எந்தப் பிரிவுல எத்தனை சீட்டு மிச்சம்னு நம்பர் குறைஞ்சுக்கிட்டே வருது, எனக்கு முன்னாடி நாலு பேரு, மெக்கானிக்கல் பிசி 2ன்னு நிக்குது. அப்பா வேட்டி நுனியை முறுக்கிக்கிட்டே இருந்தாரு. அந்த ரெண்டுல ஒண்ணு தான் இன்னிக்கு இங்க உக்காந்து ரிவ்யூ எழுதுது. என்கிட்ட ஒருத்தனும் கோட்டான்னு குரலை இறக்கிப் பேசினதில்ல, பிசின்னா ஊர்ல அது பெரிய விஷயமே இல்ல. தம்பிகிட்ட மட்டும் இறங்குது. ரொம்ப வருஷமா நானே இதைக் கவனிச்சதில்லன்னு ஒத்துக்கணும்.

சரி ரீஃபண்ட் விஷயத்துக்கு வர்றேன், நிறைய பேருக்கு அது தான் வேணும். அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டோம்னு ரசீதுல பொடி எழுத்துல இருக்கு. ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ல 10 வெள்ளி கட்டி கேஸ் போடுறேன், இந்தப் பொண்ணுக்கு இருக்கிற தகுதியை மறைச்சு காசு வாங்கினீங்கன்னு எழுதுறேன்னு சொன்னதும் உள்ள போய் யார்கிட்டயோ பேசிட்டு வந்து 200 வெள்ளி குடுத்தாரு. மீதி 100 "கன்சல்டேஷன்". வாங்கிக்கிட்டு வந்துட்டோம், தம்பிக்கு அடுத்த ஞாயிறு ஓவர்டைம், திரும்ப வந்து சண்டை போட அவனுக்கு ஏது நேரம். நீங்க போனீங்கன்னா ரசீது வாங்காம காசை நீட்டாதீங்க, எங்களுக்கு அது இருந்ததால தான் இந்த 200.

செய்ய வேண்டியது இவ்ளோ தான்: ஊர்ல பிள்ளை நேரா டிஎன்இஏ (தமிழ்நாடு இன்ஜினியரிங் அட்மிஷன்) தளத்துல பதிவு பண்ணலாம், கட்டணம் 500 ரூபா, எஸ்சி எஸ்டின்னா 250. கம்ப்யூட்டர் இல்லன்னா மாவட்டத்துல இருக்கிற சேவை மையத்துக்குப் போனா அங்கயே பதிஞ்சு குடுக்கிறாங்க. அரசுப் பள்ளில படிச்சதுக்கு தலைமை ஆசிரியர் சான்று மறக்காதீங்க. அந்த 7.5 ஒதுக்கீடு இல்லாதவங்க, வீட்டுல யாரும் பட்டதாரி இல்லன்னா, முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்க, கவுன்சலிங்ல போனா டியூஷன் ஃபீஸ்ல சலுகை இருக்கு.

கீழ இறங்கி வந்து கோப்பி குடிக்கும்போது தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அண்ணே, அவரு சொன்னது மாதிரி பாப்பாவை காலேஜுல பேசுவாங்களா?"ன்னான். பேசுவாங்க, சிலது பேசும்னு தான் சொன்னேன். பொய் சொல்ல வரல. "ஸ்கூல்லயே பேசினாங்கண்ணே, அது திருப்பிக் குடுத்துடும்"னு சொல்லிட்டு அவனே சிரிச்சான்.

வீட்டுல என் பையன் ஜேசி (ஜூனியர் காலேஜ், நம்ம ஊர் பிளஸ் ஒன் மாதிரி) முதல் வருஷம். கோட்டான்னா மெரிட் போச்சுப்பா, அன்ஃபேர்னு போன மாசம் வரைக்கும் என்கூட சண்டை போட்டவன். நான் அவனுக்குப் பாடம் எடுக்கல, தம்பி பொண்ணு அனுப்பின வாய்ஸ் மெசேஜை மட்டும் போட்டுக் காட்டினேன், "மாமா, 400 காலேஜுக்கு மேல இருக்கு, சாய்ஸ் லிஸ்ட்ல எதை முதல்ல போடணும், எங்க வீட்டுல யாருக்கும் தெரியல". எங்க ஸ்கூல்ல இதுக்குன்னு ஒரு கவுன்சிலரே இருக்காங்களேன்னான். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து போன வருஷக் கட்ஆஃபை எல்லாம் எக்செல்ல ஏத்த ஆரம்பிச்சான், பெரம்பலூர்ல இருந்து பஸ் எவ்ளோ நேரம்னு ஒரு தனி வரிசை, ஹாஸ்டல் இருக்கான்னு ஒரு தனி வரிசை. நேத்து ராத்திரி 43 காலேஜ் வரைக்கும் வந்திருக்கு. அந்தப் பொண்ணு போன்ல அவனை "ஏன் தம்பி இந்த காலேஜை மேல போட்டீங்க, இங்க லேப் நல்லா இல்லன்னு சீனியர் அக்கா சொன்னாங்க"ன்னு கேட்டு நாலஞ்சை மாத்த வச்சிடுச்சு.