அம்மாவோட மாத்திரைப் பையைத் தூக்கிக்கிட்டு முதியோர் கிளினிக் போனோம் – என் ரிவ்யூ

எங்கம்மாவுக்கு 74 வயசு, சுகர் பிரஷர் ரெண்டும் பல வருஷமா இருக்கு. திருச்சி தில்லை நகர்ல ஒரு முதியோர் நல கிளினிக்ல, அதாவது ஜெரியாட்ரிக் டாக்டர்கிட்ட, முழுசா ஒரு செக்கப் பண்ணிட்டு வந்தோம், அதப் பத்திதான் இந்த ரிவ்யூ. கிளினிக் பேரை வேணும்னேதான் போடல. வேற ஊர்ல இருக்கவங்களுக்கும் உபயோகப்படணும், இப்படி ஒரு செக்கப் இருக்குங்கறதே நெறைய வீட்டுக்குத் தெரியாது. மொதல்லயே சொல்லிடறேன், வீட்ல பெரியவங்க தினமும் அஞ்சு மாத்திரைக்கு மேல போடறாங்க, எந்திரிச்சா தலை சுத்துதுங்கறாங்க, போன வருஷத்துல ஒரு தடவையாவது கீழ விழுந்திருக்காங்கன்னா, யோசிக்காம கூட்டிட்டுப் போங்க.

லேப்ல போடற சீனியர் சிட்டிசன் பேக்கேஜ் மாதிரி இருக்கும்னு நெனச்சு போகாதீங்க, அது வேற இது வேற. அங்க ரத்தம் எடுப்பாங்க, ஈசிஜி, ஸ்கேன், சாயந்திரம் வாட்ஸப்புல ரிப்போர்ட், அதுல நாலு இடத்துல சிவப்பு எழுத்து, அதப் பாத்து நாம பயந்துக்கணும். இங்க ஊசியே குத்தல. ஒரு மணி நேரத்துக்கு மேல அம்மாகிட்ட பேசினாங்க, நடக்க வச்சாங்க, நிக்க வச்சாங்க, சாப்பாடு தூக்கம் பாத்ரூம் எல்லாம் கேட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது, டாக்டர் அம்மா முகத்தப் பாத்துத்தான் கேள்வி கேட்டாங்க. மத்த இடத்துல எல்லாம் "அவங்களுக்கு பசிக்குதா, தூங்கறாங்களா"ன்னு என்கிட்டயே கேப்பாங்க, எங்கம்மா பக்கத்துல சும்மா உக்காந்திருப்பாங்க. இங்க நான் வாயத் தொறந்தப்ப "இருங்க சார், அம்மாவே சொல்லட்டும்"னுட்டாங்க.

அப்பாயின்ட்மென்ட் போடும்போதே போன்ல சொல்லிட்டாங்க, வீட்ல இருக்கற அத்தனை மாத்திரையும் அட்டையோட கொண்டு வாங்க, மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்கின சளி மாத்திரை, சூரணம், லேகியம், கண் சொட்டு மருந்து எதையும் விட்டுறாதீங்கன்னு. அம்மா ஒரு மஞ்சப்பை நெறைய எடுத்துக்கிட்டு வந்தாங்க. டாக்டர் அத மேஜைல கொட்டி ஒவ்வொரு அட்டையா எடுத்து "இது எதுக்கும்மா போடறீங்க, யாரு குடுத்தது, எப்ப இருந்து"ன்னு கேட்டு ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி அம்புக்குறி போட்டுக்கிட்டே வந்தாங்க. முடிக்கும்போது அந்தப் பேப்பரப் பாத்து எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சு. பிரஷருக்கு அம்லோடிபின் 10 எம்ஜி, அதனால கணுக்கால் வீங்கியிருக்கு. வீக்கத்தப் பாத்த இன்னொரு டாக்டர் நீர் மாத்திரை குடுத்தாரு, அதனால ராத்திரி பூரா பாத்ரூமுக்கு எந்திரிச்சுக்கிட்டே இருந்தாங்க. தூக்கம் கெட்டுப் போச்சுன்னு வேற ஒருத்தர் அல்பிரசோலம்னு தூக்க மாத்திரை குடுத்தாரு, அதப் போட்டா காலைல தள்ளாட்டம், அதுக்கு தலைசுத்தல் மாத்திரை. ஒவ்வொரு டாக்டரும் தன் முன்னாடி இருந்த தொந்தரவுக்கு மருந்து குடுத்திருக்காங்க, ஆனா அந்தத் தொந்தரவு முந்தின மாத்திரையால வந்துச்சான்னு ஒருத்தர்கூட கேக்கல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. மருந்தோட பக்கவிளைவ புது நோய்னு நெனச்சு அதுக்கு இன்னொரு மருந்து எழுதறத பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ்னு ரெண்டு பேர் 1997லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல விளக்கமா எழுதியிருக்காங்க. அம்லோடிபின் வகை மாத்திரை புதுசா ஆரம்பிச்ச வயசானவங்களுக்கு நீர் மாத்திரையும் சேத்து எழுதறது ஜாஸ்தின்னு கனடாவோட ஒண்டாரியோ மாகாணத்துல பாத்து 2020ல பப்ளிஷ் பண்ணாங்க. கனடாவுல நடக்கறது அப்படியே லால்குடியிலயும் நடக்குது, இங்க ஒரே ஆளு நாலு கிளினிக் போறாங்க, நாலு சீட்டும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல இருக்கு, சேத்து வச்சுப் பாக்க ஆள் இல்ல.

வயசானவங்களுக்கு எந்த மருந்த முடிஞ்சவரைக்கும் தவிர்க்கணும்னு ஒரு பட்டியல் இருக்கு, பியர்ஸ் லிஸ்ட்னு சொல்வாங்க. மார்க் பியர்ஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1991ல ஆரம்பிச்சது, இப்ப அங்க இருக்கற முதியோர் மருத்துவர் சங்கம் அதப் புதுப்பிச்சுக்கிட்டு வர்றாங்க, 2023ல ஒண்ணு வந்துச்சு. அதுல இருக்கறதப் பாத்தா நம்ம வீட்டு மாத்திரை டப்பாவ எட்டிப் பாத்து எழுதின மாதிரியே இருக்கு. தூக்க மாத்திரை, நாம சளி பிடிச்சா சாதாரணமா வாங்கிப் போடற குளோர்பெனிரமின், காரணமே இல்லாம மாசக்கணக்கா போடற கேஸ் மாத்திரை, கிளிபென்கிளமைடு கிளிமிபிரைடு மாதிரி சுகர திடீர்னு எறக்கிவிடற மாத்திரை, எல்லாம் அதுல இருக்கு.

சுகர் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும். அம்மாவோட மூணு மாச ஆவரேஜ், எச்பிஏ1சி, 6.4. வேற எங்க காட்டினாலும் சூப்பர் கண்ட்ரோல்னு சொன்னாங்க. இந்த டாக்டர் அதப் பாத்துட்டு மொதல்ல கேட்ட கேள்வி "ராத்திரில வேர்த்துக் கொட்டுதா, விடியக்காலைல கை நடுங்குதா"ங்கறதுதான். ரெண்டும் இருந்துச்சு. பல வியாதி சேந்திருக்கற வயசானவங்களுக்கு 8க்குள்ள இருந்தா போதும்னு அமெரிக்க சுகர் சங்கமே சொல்லுது, அதுக்குக் கீழ இழுத்துப் புடிக்கறோம்னு போயி லோ சுகர் ஆகி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சா அப்புறம் எந்திரிக்கவே கஷ்டம். அம்மா போட்டுக்கிட்டிருந்த கிளிமிபிரைட பாதியாக் கொறைச்சாங்க.

அப்புறம் ஆஸ்பிரின். அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததில்ல, ஸ்டென்ட் இல்ல, பக்கவாதம் இல்ல, ஆனா "ரத்தம் உறையாம இருக்க நல்லது"ன்னு யாரோ எழுதிக் குடுத்து பல வருஷமா ஓடுது. ASPREE-ங்கற பேர்ல ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் 19,114 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2018ல ரிசல்ட் வந்துச்சு. பெரும்பாலும் 70 தாண்டினவங்க, இதய நோய் இல்லாதவங்க, பாதிப் பேருக்கு தினம் 100 எம்ஜி ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. நல்லபடியா நடமாடி வாழற காலம் ஆஸ்பிரின் போட்டவங்களுக்குக் கூடல, பெரிய ரத்தக்கசிவு மட்டும் கூடிடுச்சு, போடாதவங்கள்ல 100க்கு 2.8ன்னா போட்டவங்கள்ல 3.8. அத டாக்டர் எங்களுக்குப் பொறுமையா சொல்லிட்டுத்தான் நிறுத்தினாங்க. தயவு செஞ்சு இதப் படிச்சுட்டு நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் வச்சவங்களுக்கும் ஏற்கெனவே அட்டாக் வந்தவங்களுக்கும் ஆஸ்பிரின் உயிர் காக்கற மருந்து. தூக்க மாத்திரையும் அப்படித்தான், பழகின உடம்புல பட்டுன்னு நிறுத்தினா ஃபிட்ஸ்கூட வரலாம். அம்மாவுக்கு வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கறாங்க.

அடுத்து நடை. கைப்பிடி வச்ச நாற்காலில உக்கார வச்சு, "எந்திரிச்சு அந்தக் கோடு வரைக்கும் நடந்து திரும்பி வந்து உக்காருங்கம்மா"ன்னு சொல்லி கடிகாரம் பாத்தாங்க. மூணு மீட்டர்தான். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற ஆபத்து இருக்குன்னு அர்த்தமாம், அம்மாவுக்கு 17 ஆச்சு. அப்புறம் படுக்க வச்சு கொஞ்ச நேரம் விட்டு பிரஷர் பாத்தாங்க, மேல் அளவு 138. நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல பாத்தாங்க, 112. இருபது எறங்கினாலே தப்பு, இது இருபத்தாறு! இத்தன வருஷத்துல அம்மாவுக்கு எத்தனையோ தடவை பிரஷர் பாத்திருக்காங்க, எல்லாமே உக்கார வச்சுத்தான். எந்திரிச்சா தலை சுத்துதுன்னு சொன்னவங்கள நிக்க வச்சு பாக்கணும்னு தோணாதது எனக்கு இன்னும் ஆறவே இல்ல. செலவில்லாத டெஸ்ட், அதே மெஷின், கூட மூணு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

கைப்பிடி பலம் பாக்க ஒரு சின்ன மெஷின் குடுத்து அழுத்தச் சொன்னாங்க, டேப் வச்சு கெண்டைக்கால் சுத்தளவு எடுத்தாங்க. ஆசிய நாடுகளுக்குன்னு 2019ல ஒரு நிபுணர் குழு அளவு வச்சிருக்காங்க, கைப்பிடி பொம்பளைங்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ, ஆம்பளைங்களுக்கு 28க்குக் கீழ இருந்தா தசை பலம் கொறைஞ்சிருக்குன்னு. அம்மா 14. ராத்திரி என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டதுக்கு "ரெண்டு இட்லி, கொஞ்சம் ரசம்"னு அம்மா பெருமையா சொன்னாங்க, வயசானா கொறைச்சு சாப்பிடறதுதான் நல்லதுன்னு அவங்க நெனப்பு. டாக்டர் அத மாத்தி, எடைல கிலோவுக்கு 1 கிராமுல இருந்து 1.2 கிராம் வரைக்கும் புரதம் தினமும் வேணும், கிட்னி நல்லா இருக்கறதால பயப்படாதீங்கன்னு சொல்லி, காலைல முட்டை, சாயந்திரம் சுண்டல், மதியம் கெட்டியா பருப்பு, தயிர்னு எழுதிக் குடுத்தாங்க. பவுடர் டப்பா எதுவும் எழுதல, அதுக்கே தனியா நன்றி சொல்லணும்.

கூடவே பேலன்ஸ் பயிற்சி. சமையல் மேடையப் புடிச்சுக்கிட்டு ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொரு பாதம் வச்சு நிக்கறது, கை ஊணாம நாற்காலில இருந்து எந்திரிக்கறது, குதிகாலத் தூக்கி எறக்கறது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா மருத்துவ ஆராய்ச்சிகள தொகுத்துப் பாக்கற காக்ரேன்ங்கற அமைப்பு 2019ல 108 ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல, வீட்ல இருக்கற பெரியவங்க உடற்பயிற்சி செஞ்சா கீழ விழறது சுமார் 23 சதவீதம் கொறையுதுன்னு வந்துச்சு. வெறும் வாக்கிங் போதாது, பேலன்ஸ் பயிற்சிதான் முக்கியம்னு பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்ப சொன்னாரு.

மறதி டெஸ்ட் தமிழ்லயே பண்ணாங்க. இது என்ன மாசம்னதுக்கு அம்மா "புரட்டாசி"ன்னாங்க, சரின்னு டிக் போட்டாங்க. அதுக்கு முன்னாடி காதுல டார்ச் அடிச்சுப் பாத்து ரெண்டு காதுலயும் அடைச்சிருந்த குரும்பிய எடுத்துட்டாங்க, காது கேக்காதவங்ககிட்ட மறதி டெஸ்ட் எடுத்தா தப்பாத்தானே வரும். இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 100க்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கலாம்னு நம்ம நாட்டு பெரிய சர்வேயோட கணக்கு சொல்லுது. மறதி நோய் வர்ற ஆபத்தக் கூட்டற விஷயங்கள்னு லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு 2024ல சொன்ன 14ல காது மந்தமும் ஒண்ணு, கண் பார்வையையும் அந்த வருஷம்தான் சேத்தாங்க.

கொறைன்னு பாத்தா, மொத கொறை படி. கிளினிக் மாடில இருக்கு, லிஃப்ட் இல்ல, முழங்கால் வலியோட வர்றவங்க நடுப்படில நின்னு மூச்சு வாங்கறாங்க. பாத்ரூம்ல புடிச்சுக்க கம்பி இல்ல. முதியோருக்குன்னே நடத்தற இடத்துல இது ரெண்டையும் மொதல்ல சரி பண்ணியிருக்கணும், நேர்லயும் சொல்லிட்டு வந்தேன். ஃபீஸ் 800, பிசியோவுக்குத் தனி, நேரத்த வச்சுப் பாத்தா எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு, ஆனா பென்ஷன் இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய காசு. 70 தாண்டின எல்லாருக்கும் 5 லட்சம் காப்பீடுன்னு 2024 அக்டோபர்ல மத்திய அரசு கொண்டு வந்தாங்கல்ல, அது ஆஸ்பத்திரில படுத்தாத்தான், இந்த மாதிரி போயிட்டு வர்ற செக்கப்புக்குக் கெடையாது. விழுந்து எலும்பு ஒடஞ்சா காசு வரும், விழாம பாத்துக்கறதுக்கு வராது. இது மாறணும்.

காசு முடியாதவங்களுக்கு அரசுல வழி இருக்கு. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்துல 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரில தெறந்தாங்க, கொரோனா சமயத்துல கோவிட் ஆஸ்பத்திரியா ஓடின அதே கட்டடம். அந்த வளாகத்துலயே கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் இருக்கு, ஆட்டோக்காரர்கிட்ட தெளிவா சொல்லுங்க. மாவட்ட ஆஸ்பத்திரிகள்ல 10 படுக்கை முதியோர் வார்டு வைக்கணும்னு முதியோர் நலத்துக்கான தேசியத் திட்டத்துலயே இருக்கு, உங்க ஊர் ஜிஎச்ல கேட்டுப் பாருங்க. இந்தியாவுலயே முதியோர் மருத்துவத்துக்கு முதல் பேராசிரியர் நம்ம சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் வி.எஸ். நடராஜன்தான். அப்படிப்பட்ட ஊர்ல இந்தப் படிப்பு படிச்ச டாக்டர் மாவட்டத்துக்கு நாலு பேராவது இருக்கணும்னு நான் ஆசைப்படறேன்.

இப்ப அம்மா எப்படி இருக்காங்கன்னா, அம்லோடிபின் அளவக் கொறைச்சு நீர் மாத்திரையையும் தலைசுத்தல் மாத்திரையையும் எடுத்ததும் கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு, ராத்திரி ஒரு தடவைதான் எந்திரிக்கறாங்க, சுவத்தப் புடிக்காம நடக்கறாங்க. தூக்கம் இன்னும் சரியாகல, சில நாள் ரெண்டு மணிக்கே முழிச்சுக்கிட்டு "அந்தப் பாதி மாத்திரைய குடுத்துடேன்"னு கேக்கறாங்க, பாக்க பாவமா இருக்கு, இது மெதுவாத்தான் ஆகும். மொதல்ல மாத்திரைய எடுத்தப்ப "வயசாயிடுச்சு, இனிமே இவளுக்கு வைத்தியம் எதுக்குன்னு நிறுத்தறாங்களா"ன்னு என்கிட்ட கேட்டாங்க. பல பெரியவங்க மனசுல இந்தப் பயம் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் பக்கத்துல உக்காந்து எது எதுக்கு நிறுத்தினாங்கன்னு நிதானமா சொல்லிப் புரிய வைங்க.

புது கிளினிக்குக்கு போன் பண்றவங்க ரெண்டு கேள்வி மட்டும் கேளுங்க: வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வரவா, படுக்க வச்சும் நிக்க வச்சும் பிரஷர் பாப்பீங்களா. ரெண்டுக்கும் ஆமான்னா அப்பாயின்ட்மென்ட் போடுங்க, காலை நேரமாப் பாத்து கேளுங்க, கண்ணாடி, காது மெஷின், வீட்ல போடற அதே செருப்பு மூணையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.