ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: அகதி முகாமில் தேறிய மருந்து

மருந்துக்கடையில் இருபது ரூபாய்ச் சொச்சத்துக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்; இலங்கையில் ‘ஜீவனி’ என்றால் எல்லோருக்கும் தெரியும்) வயிறு கெட்ட அன்றைக்குத் தேடுகிற சிறு மருந்தாக மட்டுமே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். அதன் உண்மையான தகுதி என்னவென்று மதிப்பிட, மருத்துவரும் படுக்கையும் நல்ல தண்ணீரும் போதாத இடத்தில் அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும்.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்த மக்கள் மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் பகுதியில் இலட்சக்கணக்கில் குவிந்தபோது, காலரா பரவியது. கல்கத்தாவிலிருந்து தன் குழுவோடு அங்கே சென்ற மருத்துவர் திலீப் மஹலனபிஸ் கண்டது, தரை முழுக்க நோயாளிகள் கிடந்த இரண்டு அறைகள். சலைன் ஏற்ற வேண்டுமானால் அவர்களுடைய மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்தச் சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்தவர்களும் ஓரிருவரே. அதுவரை மருத்துவமனை ஆய்வுகளில் மட்டும் தேறியிருந்த வாய்வழிக் கரைசலை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கல்கத்தாவில் எடைபோட்டுப் பாலித்தீன் பைகளில் அடைத்து, பையின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் அதைக் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைக்க, தாய்மாரும் உடன்பிறந்தோரும் குவளையில் பிடித்து வந்து தம் நோயாளிக்குத் தாமே புகட்டினார்கள். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒரு குவளையும் சொந்தத்தில் ஒருவரும் இருந்தால் சிகிச்சை தொடங்கிவிடலாம் என்பதே இப்பொருளின் தலையாய சிறப்பு. முகாமில் இதைவிடப் பெரிய சிறப்பு ஒரு மருந்துக்கு இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு லிட்டருக்கான இன்றைய பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, ஆக மொத்தம் 20.5 கிராம் இருக்க வேண்டும். சமையல் சோடாவின் இடத்தைப் பின்னாளில் சிட்ரேட் பிடித்தது, ஏனெனில் வெக்கையிலும் ஈரத்திலும் அது கெடாமல் நிற்கிறது. காலரா நச்சு குடலிலிருந்து நீரைக் கொட்டவைத்தாலும், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வழியை அது அடைப்பதில்லை. அவ்விரண்டின் பின்னாலேயே நீரும் உடலுக்குள் திரும்பிவிடுகிறது. 2002-இல் உப்பையும் சர்க்கரையையும் குறைத்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இந்தக் கலவை, முந்தையதைவிட வாந்தியையும் வயிற்றுப்போக்கின் அளவையும் குறைப்பதால், பழைய பொட்டலத்தைப் பற்றிய குறைகளில் பாதி நீங்கிவிட்டது என்று சொல்லலாம்.

மீதிப் பாதி நீங்கவில்லை. பொட்டலத்தின் மேல் ‘ஒரு லிட்டர்’ என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் உள்ளே ஒரு லிட்டரை அளப்பதற்கு எதுவும் இல்லை. என் சமையலறையில் இருக்கிற சொம்பில் எத்தனை ஊற்றினால் ஒரு லிட்டர் என்று எனக்கே தெரியாமல், காலியான தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்துத்தான் அளந்தேன். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு, கூடினால் பயன் குறையும். சரியாகக் கரைத்ததைக் குடித்துப் பார்த்தேன். கண்ணீரைப் போன்ற உப்பும் அடியில் மெல்லிய இனிப்புமாக இருந்தது. குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகப் பொறுமையோடு கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, இது போக்கை உடனே நிறுத்துவதில்லை, இழந்த நீரை ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் இரண்டு முறை போனதும் ‘மருந்து கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையையும் 10 முதல் 14 நாள் வரை சேர்த்துக் கொடுக்க வேண்டும். மயங்கிச் சரிந்து, குடிக்கவே முடியாத நிலைக்குப் போனவருக்குச் சலைன்தான் வேண்டும், பொட்டலம் உதவாது.

பொட்டலம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஆப்பிரிக்காவின் கோமா நகரமே சான்று. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து சில நாட்களில் ஐந்து முதல் எட்டு இலட்சம் பேர் அன்றைய ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) உள்ள கோமா பகுதிக்குள் புகுந்தார்கள். முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள். நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவர் இறந்தாலே நெருக்கடி நிலை என்று கொள்ளப்படும்போது, அங்கே 20 முதல் 35 பேர் வரை இறந்தார்கள். எரிமலைப் பாறை நிலத்தில் கழிப்பறைக் குழி தோண்ட முடியவில்லை, குடிக்க ஏரித் தண்ணீர்தான் இருந்தது, காலராவோடு மருந்துக்கு அடங்காத சீதபேதியும் சேர்ந்துகொண்டது. வாய்வழிக் கரைசல் போதிய அளவில் கொடுக்கப்படாததும், நீரை ஈடுகட்டுவதில் ஏற்பட்ட தாமதமும், கடும் காலராவைப் பார்த்துப் பழகாத பணியாளர்களும் தொடக்க நாட்களின் இறப்புகளைக் கூட்டியதாக ஆய்வாளர்கள் பிற்பாடு பதிவு செய்தார்கள். நோய் பரவாமல் தடுப்பது குளோரின் கலந்த நீரும் கழிப்பறையும்தான். நோய் வந்தவரைச் சாகாமல் காப்பது இந்தப் பொட்டலம். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பது தவறு.

வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டபோது, அந்த மூன்றெழுத்தைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பான அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார்கள். குழந்தைக்காக வாங்க வந்த எத்தனை பேர் அதை அப்படியே வாங்கிப் போயிருப்பார்களோ என்ற கவலை எனக்கு இன்றும் ஆறவில்லை. சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கை மோசமாக்கும். அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இடம்பெறக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் பின்பக்கத்தைத் திருப்பி, மேலே சொன்ன நான்கு பொருள்களும் லிட்டருக்கு அதே அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். தூள் கட்டி தட்டியிருந்தால் வேண்டாம். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒரு குழந்தைக்கு மட்டும் என்றால் 200 மில்லிலிட்டருக்கான சிறிய பொட்டலம் வீணாகாமல் இருக்கும்.