படகை இழுக்க எந்த வண்டி: ஹைபிரிட்டா, வேனா, டபுள் கெப்பா?

திருகோணமலையில் சின்னப் படகு வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு வாகனம் ஒன்றுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், வாடை தொடங்கியதும் நிலாவெளியில் கிடக்கும் படகை ட்ரெயிலரில் ஏற்றிக் கிண்ணியாப் பக்கம் கொண்டுபோவதும் அதே வண்டிதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். திறந்த பிறகும் விலையைக் கேட்டால் இரண்டாவது வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. எனக்கு முன்னால் இருந்தவை மூன்று: ஹொண்டா வெசல் போன்ற சின்ன ஹைபிரிட், டொயோட்டா ஹையேஸ் வேன், பின்னால் திறந்த பெட்டி உள்ள ஹைலக்ஸ் டபுள் கெப். நான் எடுத்தது பழைய டபுள் கெப். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். எரிபொருள் செலவில் ஹைபிரிட்டை அடிக்க முடியாது. ஆட்களை ஏற்றுவதில் வேனுக்கு நிகரில்லை. சொகுசில் டபுள் கெப்புக்குக் கடைசி இடம். பின்பெட்டி வெறுமையாக இருந்தால் லீஃப் ஸ்பிரிங் குதிக்கும், பின்சீட் நிமிர்ந்து நிற்கும், கந்தளாய் தாண்டுவதற்குள் அம்மாவுக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். விற்கப்போனால் மூன்றுக்குமே ஆள் இருக்கிறது.

ட்ரெயிலர் இழுப்பது என்று வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது எத்தனை சீசீ என்பதுதான். என் மச்சானும் அப்படித்தான் கேட்டார்: "என்ர ஹைபிரிட்டுக்குப் பின்னால ஒரு கொக்கி அடிச்சா இழுக்காதோ?" "இழுக்கும் மச்சான், நிப்பாட்டுறதுதான் கஷ்டம்" என்றேன். இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது இழுக்கிற வண்டியின் எடை. எஞ்சின் பலம் அதற்குப் பிறகுதான்.

பிரித்தானியாவில் கேரவன், அதாவது காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீட்டு ட்ரெயிலர், இழுப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. புதிதாக இழுப்பவர், சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது பிரேக் உள்ள கேரவனுக்கான கணக்கு. நம்மூர் வெல்டிங் கடையில் அடிக்கிற படகு ட்ரெயிலருக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. பிரேக் இல்லாததற்கு அங்கே சட்டமே இறுக்கமானது: ட்ரெயிலரின் மொத்த எடை 750 கிலோ, அல்லது இழுக்கும் வண்டியின் வெற்று எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. 2015இல் வந்த ஹைலக்ஸின் நான்கு சக்கர இயக்க, மேனுவல் கியர் வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுக்க அனுமதி இருக்கிறது. அதே வண்டிக்கு, ட்ரெயிலரில் பிரேக் இல்லையென்றால், 750 கிலோதான்.

என் 18 அடி பைபர் படகை எஞ்சின், பெற்றோல் டாங்க், நங்கூரம், ஐஸ் பெட்டி, வலை எல்லாவற்றோடும் ட்ரெயிலரில் ஏற்றி அரிசி ஆலை ஒன்றின் எடைமேடையில் நிறுத்தினேன். 720 கிலோ. வெசல் ஏறக்குறைய 1,300 கிலோ, அதில் பாதி 650. அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது. ஏறக்குறைய 1,900 கிலோ உள்ள டபுள் கெப்புக்கு இந்தச் சுமை அதன் எடையில் 40 சதவீதத்துக்கும் குறைவு. நகரத்துக்குள் மான் குறுக்கே வரும், ஹபரணைப் பக்கம் யானை வரும், மாடு எங்கேயும் வரும். பிரேக்கை மிதித்ததும் 720 கிலோவும் பின்னாலிருந்து தள்ளும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி இறக்கத்தில் மாட்டை உந்துவது போலத்தான். அந்த நேரத்தில் முன்னே நிற்பது கனமாக இருந்தால்தான் நேராக நிற்கும்.

கிண்ணியாப் பாலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் தண்ணீர். கச்சான் காற்று மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கிற மாதங்களில் வேகமாக ஒரு பஸ் முந்திப்போனால் போதும், ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். அப்போது பிரேக் அடிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும்.

அந்த ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம், கொக்கியில் அழுத்தும் எடை போதாமல் இருப்பது. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது கேரவன்காரர்களின் கணக்கு. என் சுமைக்கு அது 36 முதல் 50 கிலோ. அளப்பதற்கு வீட்டில் ஆள் எடை பார்க்கிற தராசே போதும். ட்ரெயிலரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, தராசின் மேல் கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, முனையை அதில் இறக்கினேன். எஞ்சின் படகின் பின்னால் தொங்கியபோது முள் 20ஐக் கூடத் தொடவில்லை. எஞ்சினைக் கழற்றி டபுள் கெப்பின் பின்பெட்டியில் படுக்க வைத்து, நங்கூரத்தைப் படகின் முன்னால், அணியப் பக்கம் தள்ளினேன். 40ஐத் தாண்டியது, மொத்தச் சுமையும் குறைந்தது.

டபுள் கெப்புக்கு நான் ஓட்டுப் போட இன்னொரு காரணம் இந்தப் பின்பெட்டி. எஞ்சினும் பெற்றோல் கேனும் மீன் பெட்டியும் வெளியே போகும். காருக்குள்ளே பிள்ளைகளோடு பெற்றோல் கேனையும் அடைத்துக்கொண்டு போவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

படகை இறக்கி ஏற்றுகிற இடத்திலும் வித்தியாசம் பெரிது. சின்ன ஹைபிரிட்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரம்தான் இழுக்கும். கொக்கியில் எடை அழுத்தினால் முன்பக்கம் இலேசாகும், ஈரமணலில் சக்கரம் சும்மா சுற்றும். வெசலின் முதல் தலைமுறை ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. ஊர்ந்து ஊர்ந்து இழுக்கிற வேலை அதைச் சூடாக்கும். பழைய பிரியஸின் அமெரிக்கக் கையேடு ட்ரெயிலர் இழுப்பதைப் பரிந்துரைக்கவே இல்லை. டபுள் கெப்பில் நான்கு சக்கரத்தையும் சேர்த்து லோ கியரைப் போட்டால், கிளட்ச் மணக்காமல் மெதுவாக ஏறிவிடும்.

வேனைப் பற்றி நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எடை போதும், பின்சக்கரம் இழுக்கிறது, வீட்டுக்காரிக்கும் அதுதான் விருப்பமாக இருந்தது. ஆனால் பின்சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள நீட்டம் அதிகம். அந்த நீட்டம் கூடக் கூட ட்ரெயிலரின் ஆட்டம் வேனை அசைக்கிற பலமும் கூடும். நண்பர் ஒருவருடைய வேனில் என் ட்ரெயிலரை உப்புவெளி வரை இழுத்துப் பார்த்திருக்கிறேன், அந்தத் தூரத்துக்குக் குறை தெரியவில்லை. கச்சானில் பாலம் தாண்டிப் பார்த்ததில்லை. எக்ஸ்ட்ரெயில் மாதிரி நடுத்தர ஜீப்புகளில் நான் இழுத்ததே இல்லை, அவற்றைப் பற்றி இழுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த வண்டியானாலும் ஒன்று பொது: ஓடி வந்த சூட்டோடு ட்ரெயிலர் சக்கரத்தைக் கடலில் இறக்கக் கூடாது. சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கிற ஹப் சூடாக இருந்து சட்டென்று குளிர்ந்தால் உப்புத்தண்ணீரை உள்ளே உறிஞ்சும், பேரிங் போய்விடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்குங்கள்.

மச்சான் ஹைபிரிட்டை விற்கவில்லை, விற்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. அவருக்கு நான் சொன்னது, 14 அடிப் படகு ஒன்றைப் பார்க்கச் சொல்லித்தான். அதற்கும் முன்பு அவருடைய வண்டியின் கையேட்டில் ட்ரெயிலர் பக்கத்தை வாசிக்க வேண்டும். இழுக்க வேண்டாம் என்று அதில் இருந்தால் கொக்கி அடிப்பதற்கே இடமில்லை, படகை லொறிக்காரரிடம் கொடுத்து அனுப்புவதுதான் வழி.