ஓட்டு வீட்டைத் திருத்துவதா, இடித்து கான்கிரீட் போடுவதா?

தென்காசியை அடுத்த செங்கோட்டையில் எங்கள் வீடு இரண்டு காலத்தது. முன்பாதி, ஊர் திருவிதாங்கூரில் இருந்த நாளில், 1956-க்கு முன்பு, தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பாதி, அப்பா எண்பதுகளில் சேர்த்த கான்கிரீட் அறைகள். ஓடா, கான்கிரீட்டா என்று பார்க்க நாங்கள் வெளியே போக வேண்டியதில்லை; நடுக்கதவைத் தாண்டினால் போதும்.

சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு முன்னறையில்தான் வெக்கை அதிகம். ஓடு மெல்லிசு, சட்டென்று காய்ந்துவிடும், அனல் நேராகத் தலையில் இறங்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு ஸ்டூலில் ஏறிப் பின்னறைத் தளத்தின் அடியில் கையை வைத்துப் பாருங்கள். அணைத்துக் கால் மணி நேரம் ஆன இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் நாம் படுக்கும் நேரத்தில்தான் கக்குகிறது. அதே நேரம் முன்னறை ஓடு ஆறிவிடும். உள்ளே இருக்கும் சூட்டுக்காற்றும் ஓட்டு இடுக்கு வழியாக வெளியேறிவிடும். ஆக, ஊரே சொல்லும் 'ஓட்டைப் பிரித்துத் தளம் போடு' என்ற யோசனை, வெக்கையைப் பொறுத்தவரை காசு கொடுத்து வாங்கும் வினை. ஒழுகல் தொல்லையும் குரங்குத் தொல்லையும் குறையும் என்பது மட்டும் உண்மை. (குற்றாலத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இரண்டாவதை விளக்க வேண்டாம்.)

ஓட்டுக்குப் பதில் தகர ஷீட்? சூடு ஒரு பக்கம், சாரல் காலத்துச் சத்தம் ஒரு பக்கம். விடுங்கள்.

நாங்கள் செய்தது, ஓட்டை இறக்கி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டங்களில் உளுத்ததை மாற்றி, அடியில் அலுமினியத் தகடு ஒட்டிய விரிப்பைக் கட்டியது. "இறக்கி ஏத்துறதுல கொஞ்சம் உடையத்தான் செய்யும், அண்ணாச்சி, பழைய ஓடு கூடுதலா வாங்கி வச்சுக்கிடுங்க" என்று ஆசாரி முதலிலேயே சொல்லிவிட்டார். விரிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஓட்டோடு ஒட்டிக் கட்டினால் பிரயோசனம் இல்லை. நடுவே இரண்டு விரற்கடையாவது காற்று ஓட வேண்டும், பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிப்போகும். இந்த ஊர் ஈரத்துக்கு, காற்று ஓடாத இடத்தில் மரமும் சீக்கிரம் உளுத்துவிடும்.

பின்பாதிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட். செலவு குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். ஆனால் இங்கே ஆனி, ஆடிச் சாரலில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். தேய்த்துக் கழுவாமல் விட்டால் அடுத்த கோடையில் பாதிப் பலன்தான். மற்றது, கேரளத்தில் புனலூர், தென்மலைப் பக்கம் வீட்டுக்கு வீடு பார்க்கிறோமே, தளத்துக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்து இன்னொரு கூரை. வெயில் தளத்தையே தொடாது, மழையிலும் துணி காயும். செலவு பல மடங்கு. மலைக் கணவாய் வழியே வரும் காற்றுக்குச் சட்டத்தை உறுதியாகப் பிடிக்கவும் வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழிதான். கையில் காசு இல்லாததால் இப்போதைக்குப் பெயிண்ட்.

மைத்துனர் ஏசி வாங்கச் சொன்னார். சுடும் தளத்துக்கு அடியில் ஏசி வைத்தால் கம்ப்ரசர் ஓயாது. ஒன்றரை டன் ஏசி முழுவேகத்தில் ஓடினால் மணிக்கு ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். அதைவிட ஃபேன் கணக்கைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம். நாலு ஃபேனுக்கு 108. ஈபி இலவசமாகத் தந்துவந்த 100 யூனிட்டைத் தாண்டிவிட்டது.

சோலார் பற்றியும் கேட்கிறார்கள். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய், நல்ல தொகைதான். ஆனால் மேற்கே மலை, வெயில் சீக்கிரமே மறையும். சாரல் மாதங்களில் மேகம் வேறு. பேனலின் நிழல் தளத்துக்குக் கிடைக்கும் என்பது கூடுதல் லாபம். முதலில் கூரை, அப்புறம் ஃபேன், அதற்குப் பிறகு வரும் பில்லைப் பார்த்து எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்யலாம்.

ஓட்டு வேலைக்கு இங்கே தை முதல் பங்குனி வரைதான் காலம். நாங்கள் மார்கழியிலேயே சொல்லி வைத்தும் ஆசாரி வந்தது பங்குனி பத்துக்கு மேல்.