கொக்கி தைக்கும் நேரத்துக்கு ஜாக் பென்னி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூடச் சீருடை. இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. டிவி பார்த்துக்கொண்டே தைக்க முடியாது, கண் துணியில் இருக்க வேண்டும். சினிமாப் பாட்டும் ஒரு மணி நேரம் போனால் காதில் ஏறுவதில்லை. எனக்கு வேண்டியது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பது. அப்படித் தேடும்போது அகப்பட்டதுதான் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கும் பழைய அமெரிக்க வானொலித் தொடர்கள். இரண்டு வருடமாகக் கேட்கிறேன். தையல், சமையல், கூடை பின்னுதல் என்று கை வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிவி வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், 1930களிலும் 40களிலும், அமெரிக்காவில் சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்பமே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அரை மணி நேர நகைச்சுவை, அரை மணி நேர மர்மக் கதை, நடுவில் சோப்பு, சிகரெட் விளம்பரம். டிவி வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோனது. 1962 செப்டம்பர் 30 அன்று சி.பி.எஸ். வானொலியில் ‘சஸ்பென்ஸ்’, ‘யுவர்ஸ் ட்ரூலி, ஜானி டாலர்’ என்ற இரண்டு தொடர்களும் ஒரே நாளில் முடிந்தன. அதோடு அந்தக் காலம் முடிந்தது என்று சொல்வார்கள். மிஞ்சிய ஒலிப்பதிவுகள்தான் இந்தத் தளத்தில் இருக்கின்றன. காசு கிடையாது. எம்பி3 கோப்பாக இறக்கி மெமரி கார்டில் போட்டுக்கொள்ளலாம். அரை மணி நேர அத்தியாயம் பெரும்பாலும் 7 முதல் 14 எம்.பி.க்குள் இருக்கும்.

மொழியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பெரியார் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். அப்படியும் முதல் வாரம் பாதி புரியவில்லை, காரணம் நகைச்சுவையில் ஆரம்பித்ததுதான். அன்றைய அரசியல்வாதி பெயர், சினிமா நடிகர் பெயர் என்று சடசடவென்று சொல்லிவிட்டு அங்கே கூட்டம் சிரிக்கும், எனக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் நாடகத்தில் ஆரம்பியுங்கள். ‘கன்ஸ்மோக்’ நல்ல ஆரம்பம். 1952 முதல் 1961 வரை வந்த தொடர், கான்சாஸில் டாட்ஜ் சிட்டி என்ற ஊரில் சட்டத்தைக் காக்கும் மார்ஷல் மேட் டில்லன் கதை. டில்லனாகப் பேசும் வில்லியம் கான்ராடுக்குக் கனத்த, களைத்த குரல். நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒரு வார்த்தைகூட நழுவாது. கௌபாய் கதைதானே என்று நினைத்துத்தான் போட்டேன். அதில் வரும் மனிதர்கள் ஏழைகள், கடன்பட்டவர்கள், புருஷனிடம் அடி வாங்கும் பெண்கள். பல கதைகள் நியாயம் கிடைக்காமலேயே முடியும். கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் தைத்துக்கொண்டிருப்பேன்.

அதில் சத்தங்கள்தான் எனக்கு உயிர். பூட்ஸ் மரத்தரையில் நடக்கும், வெளியே வந்து மண்ணில் இறங்கும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். அந்தக் கால வானொலி நாடகங்களில் குதிரைக் குளம்புச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சியைத் தட்டுவார்கள். இதைப் படித்த அன்றே சட்னிக்குத் தேங்காய் துருவி மீந்த இரண்டு மூடிகளைக் கொண்டுவந்து, துணி வெட்டும் மேஜையில் தட்டிப் பார்த்தேன். வெறும் பலகையில் தார் ரோட்டில் ஓடுகிற மாதிரி இருந்தது. இரண்டு மடிப்பு லைனிங் துணியை விரித்துத் தட்டினேன், குதிரை புல்லில் ஓடியது.

என்னிடம் இரண்டு பெண்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்கு ஓடாது. மோட்டார் மெஷின் ஓடும்போது வசனம் யார் காதிலும் விழாது என்பதால், மாலையில் கொக்கி வைப்பது, ஹெம்மிங், காஜா என்று கை வேலை செய்யும் நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவிட்டேன். நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்வேன். ‘சஸ்பென்ஸ்’ தொடரில் 1943 மே 25 அன்று வந்த ‘சாரி, ராங் நம்பர்’ என்ற நாடகத்தை அப்படித்தான் போட்டேன். லூசில் ஃப்ளெட்சர் எழுதியது, ஆக்னஸ் மூர்ஹெட் நடித்தது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண் கணவனுக்குப் போன் போடுகிறாள். லைன் மாறி, இரண்டு ஆண்கள் பேசுவது காதில் விழுகிறது. இன்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு ஒரு பெண்ணைக் கொல்லப்போகிறார்கள். அவள் ஆபரேட்டரைக் கூப்பிடுகிறாள், போலீசைக் கூப்பிடுகிறாள், யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அரை மணி நேரமும் ஏறக்குறைய அந்த ஒரே குரல்தான்.

சின்னவள் கையில் ஊசியோடு, “அது என்னக்கா கரகரன்னு சத்தம்?” என்றாள். டயல் சுற்றுகிற போனை அவள் பார்த்ததே இல்லை. காற்றில் விரலை விட்டுச் சுற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் விரலும் சேர்ந்து அசைந்தது. கடைசி ஐந்து நிமிடம் நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. மூன்று பேர் கையும் நின்றுவிட்டது. முடிவை இங்கே சொல்ல மாட்டேன். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் நகைச்சுவை. ‘ஃபிபர் மெகீ அண்ட் மாலி’ 1935ல் ஆரம்பித்தது. புருஷன் பெண்டாட்டியாக நடிக்கும் ஜிம் ஜோர்டனும் மரியன் ஜோர்டனும் நிஜத்திலும் தம்பதி. அந்த வீட்டில் ஓர் அலமாரி இருக்கிறது. எதையாவது எடுக்க அதைத் திறந்தால் உள்ளே அடைத்த சாமானெல்லாம் மடமடவென்று சரியும், விழுந்துகொண்டே இருக்கும், எல்லாம் அடங்கியபின் ஒரு சின்ன மணி மட்டும் ‘கிணிங்’ என்று ஒலிக்கும். எங்கள் வீட்டுப் பரணில் கை வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியவள் அந்த மணிக்காகவே காத்திருப்பாள்.

ஆனால் என் ஓட்டு ஜாக் பென்னிக்கு. 1932ல் இருந்து 1955 வரை வானொலியில் இருந்த நகைச்சுவை நடிகர். நிகழ்ச்சியில் எத்தனை வருடம் போனாலும் அவர் வயது 39. மகா கஞ்சன். அவருடைய லொடலொட மேக்ஸ்வெல் கார் இருமுவதையும் திணறுவதையும் மெல் பிளாங்க் என்பவர் வாயாலேயே செய்து காட்டுவார். 1948 மார்ச்சில் வந்த ஓர் அத்தியாயத்தில், பென்னி ராத்திரி நடந்து போகிறார். திருடன் மறித்து, பணமா உயிரா என்று கேட்கிறான். பதில் இல்லை. வானொலியில் பதில் இல்லை என்றால் வெறும் அமைதிதான், முகத்தைக் காட்ட வழியில்லை. எங்கள் கடையில் சின்னவள் நிமிர்ந்து, “நெட் போயிடுச்சாக்கா?” என்றாள். நான் கையை உயர்த்திப் பொறு என்று காட்டினேன். அங்கே கூட்டம் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. திருடன் மறுபடி அதட்டுகிறான். “யோசிச்சுக்கிட்டிருக்கேன்பா!” என்கிறார் பென்னி. ஒன்றுமே பேசாமல் சிரிக்க வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தச் சிரிப்பு சும்மா வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் வாரா வாரம் அவருடைய கஞ்சத்தனத்தைக் கேட்டுப் பழகிய ஜனங்கள், அவர் வாய் திறக்கும் முன்பே புரிந்துகொண்டுவிட்டார்கள். அதனால் பென்னியைக் குறைந்தது பத்து அத்தியாயம் வரிசையாகக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.

செவ்வாய்க் கிரகத்தவர்கள் பூமி மேல் படையெடுக்கிற கதையாக ஆர்சன் வெல்ஸ் 1938 அக்டோபர் 30ல் நடத்திய ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாடகம் பேர் பெற்றது. செய்தி அறிக்கை மாதிரியே போகும் முதல் பாதி அபாரம், பின்பாதி எனக்கு இழுவை. ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’யை நான் சிபாரிசு செய்யவில்லை. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் கறுப்பின மக்களைப்போலக் குரலை மாற்றிப் பேசிச் சிரிக்க வைப்பது. அன்றைக்கு அமெரிக்காவே கேட்டது என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, மூன்றாவது அத்தியாயத்தில் நிறுத்திவிட்டேன். பென்னி நிகழ்ச்சியில் அவருடைய வேலைக்காரர் ராச்செஸ்டராக வரும் எடி ஆண்டர்சன் கறுப்பின நடிகர். அங்கும் பழைய அத்தியாயங்களில் உறுத்தலான இடங்கள் உண்டு. ஆனால் முதலாளியை அவர் மடக்கும் இடங்களில்தான் நான் அதிகம் சிரித்திருக்கிறேன்.

ஒலித்தரம் ஒரே சீராக இருக்காது. பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தவை, பொரிகிற சத்தம் இருக்கும். யார் பதிவேற்றினார் என்பதைப் பொறுத்துத் தேதி மாறியிருக்கும், ஒரே கதை இரண்டு பெயரில் இருக்கும். ஓல்டு டைம் ரேடியோ ரிசர்ச்சர்ஸ் குரூப் என்ற ஆர்வலர் குழு வரிசைப்படுத்திய தொகுப்புகளை எடுங்கள், தேதியோடு ஒழுங்காக இருக்கும். ஸ்பீக்கர் விஷயத்திலும் கவனம் வேண்டும். புதுச்சேரியில் ஒரு கடையில் நல்ல பேஸ் வரும் என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பாட்டுக்குச் சரி, பேச்சு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. மாற்றித் தரவும் இல்லை. இப்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு சாதாரண ஸ்பீக்கர், மெமரி கார்டு போடுகிற வகை. மனிதக் குரலுக்கு அதுதான் ஏற்றது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணையில் வெள்ளம் போன நாட்களில், கரண்டும் டவரும் இல்லாமல் நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கன்ஸ்மோக் கேட்டோம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அப்பா முதுநகரில் துறைமுக வேலை பார்த்தவர். அவருடைய மர்ஃபி ரேடியோவில் இலங்கை வானொலி கடல் தாண்டிக் கணீரென்று வரும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரலெல்லாம் எங்கள் வீட்டு மனிதர்கள் குரல் மாதிரி. இலங்கை நாடகம், திருச்சி நாடகம், புதுவை நாடகம் என்று அப்பா தேதி பார்த்துக் காத்திருப்பார். பிடித்த ஒரு நாடகத்தை டேப் ரிக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்து ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். பத்தாவது படிக்கும்போது அதன் மேலேயே நான் சினிமாப் பாட்டு பதிந்துவிட்டேன். அவர் திட்டவில்லை, அந்தக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா தன் ராணுவ வீரர்கள் கேட்பதற்காக விளம்பரத்தை நீக்கி இசைத்தட்டுகளில் அனுப்பிய நிகழ்ச்சிகள் பல அதனால்தான் பிழைத்திருக்கின்றன. இவ்வளவு வரிசையாக நம் தமிழ் நாடகங்களும் ஓரிடத்தில் கிடைத்தால் என் கடையில் மொழிபெயர்ப்பே தேவைப்படாது. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். 64 பிளவுஸுக்குக் கொக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கன்ஸ்மோக்கில் 1954ஆம் வருடத்துக்கு வந்திருக்கிறோம். இன்று மாலை டீ வைக்கும்போதே சின்னவள் கேட்டுவிட்டாள், “அக்கா, அந்த மார்ஷலுக்கு நேத்து குண்டு பட்டுச்சே, என்ன ஆச்சு?”