ரீவயரிங் என்று சொல்லி சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்

மயிலாடுதுறைப் பக்கம் தாத்தா 1978ல் கட்டிய வீடு. கூடத்தில் தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓடும் வயரிங், அறைகளில் சுவருக்குள் குழாய் பதித்து இழுத்த அலுமினிய வயர். அம்மா தனியாக இருக்கிறாரே என்று போன ஆவணியில் மொத்தத்தையும் மாற்றச் சொன்னேன். தெரிந்தவர் அனுப்பிய எலக்ட்ரீஷியன். பொருளும் கூலியுமாக 72,000 ரூபாய். நான் பெங்களூரில் உட்கார்ந்து போட்டோவில்தான் வேலையைப் பார்த்தேன். (அதுதான் என் முதல் தப்பு.) புது சுவிட்ச் போர்டு, பழைய பீஸ் கேரியர் இருந்த இடத்தில் எம்சிபி (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று எல்லாம் பளபளத்தது.

மார்கழியில் அம்மா போனில், "பிரிட்ஜைத் தொட்டா சில நேரம் சுரீர்ங்குதுடா" என்றார். பொங்கலுக்குப் போய் டெஸ்டரை வைத்தேன். பிரிட்ஜ் கதவில் எரிந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி விழ வேண்டுமே? அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. ஆனால் வீட்டில் ஒரு விளக்கும் அணையவில்லை. ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வேறு ஒருவரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தோம். பழைய வயரில் கசிவு இருந்ததால் ஆர்சிசிபி ஓயாமல் விழுந்திருக்கும். கசிவைத் தேடுவதற்குப் பதிலாக, வீட்டுக்குப் போகும் வயர்களை அதைத் தொடாமல் நேராக மெயினில் கொடுத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். டப்பா சும்மா அழகுக்கு!

அறை சுவிட்ச் போர்டுகளில் புது காப்பர் வயர் ஒரு சாண்தான். அதற்குப் பின்னால் அதே அலுமினியம், முறுக்கி டேப் சுற்றியிருந்தது. காப்பரையும் அலுமினியத்தையும் இப்படி முறுக்கினால் நாளாவட்டத்தில் இணைப்பு அரித்துத் தளர்ந்து சூடாகும். சில இடங்களில் டேப் கருகியிருந்தது. சமையலறை பிளக்கில் எர்த் பின்னை ஒரு துண்டு வயரால் நியூட்ரலோடு சேர்த்திருந்தார். முறுக்கிய நியூட்ரல் தளரும்போதெல்லாம் கரண்ட் பிரிட்ஜ் மோட்டார் வழியாக அதன் உடம்புக்கே வந்திருக்கிறது. எர்த் குழி தோண்டியதாக பில்லில் 6,500 ரூபாய். கொல்லையில் குழியும் இல்லை, குழாயும் இல்லை.

போன் போட்டேன். "பழைய வீடுன்னா அப்படித்தான் சார்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. பணம் போனது போனதுதான்.

பழைய வீட்டில் வேலை வைப்பவர்கள் கழற்றிய பழைய வயரை முற்றத்தில் குவித்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குத் தோன்றாமல் போன விஷயம் இதுதான். வயர்மேன் லைசென்ஸையும் கேளுங்கள். மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கத் தெரியாதவரிடம் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தும்போது வீட்டு விளக்குகளைப் பாருங்கள், பட்டனைப் பார்க்காதீர்கள்.

இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஆனாலும் அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறக்கிறார்.