கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளம்: மியூசியத்தோடு திரும்பிவிடாதீர்கள்

போலந்தின் கதான்ஸ்க் நகரிலுள்ள ஐரோப்பிய சாலிடாரிட்டி மையத்துக்கு (அங்குள்ள கப்பல் கட்டும் தளத்தில் 1980ல் பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் கதையைச் சொல்லும் மியூசியம்) இரண்டு முறை போய்வந்துவிட்டேன், ஒருமுறை டிசம்பரில், மறுமுறை ஆகஸ்ட் கடைசியில். போலந்துக்கு வரும் நண்பர்கள் யார் கேட்டாலும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஆனால் அரை நாளாவது கையில் இல்லாமல் போகாதீர்கள், மியூசியத்தை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறியும்விடாதீர்கள்.

போவது எளிது. பெரிய ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் கால் மணி நேரம்தான். உள்ளூர் ரயிலில் வந்தால் ஒரே ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தின் பெயரே ஸ்தோச்னியா, அதாவது கப்பல் கட்டும் தளம். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணில் படுவது மியூசியம் இல்லை, மூன்று எஃகுச் சிலுவைகள். 42 மீட்டர் உயரம், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நங்கூரம். 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு அரசு உணவுப்பொருள் விலையை ஏற்றியது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. பால்டிக் கடற்கரை நகரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அதில் சிலர் இந்தத் தளத்தின் இரண்டாம் எண் கேட்டின் வாசலிலேயே. பத்து வருடம் கழித்து, அதே கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி நடக்கும்போதே, தொழிலாளர்கள் போராடிக் கேட்டு இந்தச் சின்னத்தை எழுப்பினார்கள். 1980 டிசம்பரில் திறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அண்ணாந்து பாருங்கள், வெறும் கம்பமாகத் தெரியாது.

அந்தக் கேட்டுக்குப் பின்னால்தான் மையத்தின் கட்டடம், 2014 ஆகஸ்ட் 31 அன்று திறந்தது. வெளிச்சுவர் முழுக்கத் துருப்பிடித்த நிறம். துருவையே மேல்தோலாக வைத்துக்கொள்ளும் ஒருவகை எஃகு அது, பாதி கட்டிய கப்பலின் பக்கவாட்டுக்குக் கீழே நிற்பதுபோல இருக்கும். உள்ளே நுழைந்ததும் மரங்களும் செடிகளுமாக ஒரு பெரிய முற்றம். முற்றத்துக்கும் மொட்டைமாடிக்கும் டிக்கெட் வேண்டாம், கண்காட்சிக்கு மட்டும்தான். ஆங்கிலத்தில் ஆடியோ கைடு உண்டு. நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தானாகவே பேசும், பட்டன் எதையும் தேடவேண்டாம்.

கூரை முழுக்க மஞ்சள் ஹெல்மெட்டுகள் பதித்த அறையை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், நானும் எடுத்தேன். 1980 வேலைநிறுத்தத்தின் தலைவர் லெக் வாலேசாவும் மற்றவர்களும் மேலே ஏறி நின்று கூட்டத்தோடு பேசிய பேட்டரி வண்டியும் இருக்கிறது. ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது கிரேன் ஓட்டுபவர் உட்காரும் கூண்டு. ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். ஆன்னா வலெந்தினோவிச் இப்படி ஒரு கூண்டில் உட்கார்ந்து வேலை செய்தவர். முதலில் வெல்டர், பிறகு கிரேன் ஆப்பரேட்டர். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது, 1980 ஆகஸ்ட் 7 அன்று, அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஆகஸ்ட் 14 காலையில் தளமே நின்றுபோனது. அன்றைய முதல் கோரிக்கைகளில் ஒன்று, ஆன்னாவைத் திரும்ப வேலைக்கு எடு என்பது.

வாலேசா பெயர் உலகத்துக்கே தெரியும், நோபல் பரிசு வாங்கினார், ஜனாதிபதியும் ஆனார். ஆனால் ஆகஸ்ட் 16 அன்று என்ன நடந்தது என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நிர்வாகம் சம்பள உயர்வுக்கு ஒத்துக்கொண்டது, வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள், ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ், நீங்கள் எங்களைக் கைவிட்டால் சின்ன நிறுவனங்களில் வேலைநிறுத்தம் செய்யும் நாங்கள் நசுங்கிப்போவோம் என்று வாலேசாவிடம் சண்டை போட்டார். ஆன்னாவும் தளத்தின் மருத்துவப் பிரிவு நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்காவும் கேட்டுகளுக்கு ஓடிப்போய், வெளியேறிக்கொண்டிருந்தவர்களிடம் பேசித் தடுத்தார்கள். அந்தப் பெண்கள் அன்று சும்மா இருந்திருந்தால், கையில் சம்பள உயர்வோடு கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த நாள் 21 கோரிக்கைகளை இரண்டு மரப்பலகைகளில் எழுதினார்கள், அவற்றை இந்த இரண்டாம் எண் கேட்டில்தான் தொங்கவிட்டார்கள். முதல் கோரிக்கையே சுதந்திரமான தொழிற்சங்கம். அந்தப் பலகைகள் 2003ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஆகஸ்ட் 31ல் அரசு தொழிலாளர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, கொஞ்ச காலத்திலேயே சாலிடாரிட்டி சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்திருந்தார்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் இந்த ஆகஸ்ட் 16 கதையை முதலில் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள்.

சரி, இப்போது வெளியே வாருங்கள். மொட்டைமாடியிலிருந்து பச்சைக் கிரேன்களைப் பார்த்தபிறகு அவற்றை நோக்கி நடக்கவேண்டும். இந்தக் கப்பல் கட்டும் நிறுவனம் 1996ல் திவாலானது. தளத்தின் பெரும்பகுதிக்கு இன்று 'இளம் நகரம்' என்று பெயர், புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் முடிந்துபோன இடம் என்று நினைக்கவேண்டாம், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னமும் கப்பல் வேலை நடக்கிறது, காற்று இந்தப் பக்கம் அடித்தால் இரும்பை அடிக்கும் சத்தம் கேட்கும். எலக்ட்ரீஷியன்கள் தெரு என்ற பொருள்படும் எலெக்திரிகூவ் தெருவில் கோடைக்காலத்தில் இசையும் சாப்பாட்டுக் கடைகளுமாகக் கூட்டம் நிறையும். பக்கத்தில் கன்டெய்னர்களை அடுக்கி ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், பெயரின் முதல் எழுத்துகளுக்குப் பதில் 100 என்ற எண் இருக்கும். போலிஷில் நூறுக்கு 'ஸ்தோ', ஆக அதுவும் ஸ்தோச்னியாதான். நீர்மூழ்கிக் கப்பல் வேலைக்காகக் கட்டிய ஒரு பழைய கூடம் இப்போது மோந்தோவ்னியா என்ற பெயரில் மாடியில் அறைகளும் கீழே உணவுக்கூடமுமாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தை நான் வெறுக்கவில்லை, காலியாகக் கிடந்து இடிவதைவிட இது மேல். ஆனால் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் எந்தக் கூடத்தில் என்ன செய்தார்கள் என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! டிசம்பரில் போகிறவர்கள் இந்த நடையை முதலில் முடித்துவிடுங்கள், பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும், கடற்காற்று எலும்புவரை போகும்.

சாப்பாட்டுக்கு நான் பழைய நகரப் பக்கம் ஒரு பால் பாருக்குப் போனேன். பெயர்தான் பால் பார், கம்யூனிசக் காலத்திலிருந்து வரும் மலிவுச் சாப்பாட்டுக் கடை அது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியெரோகி கேளுங்கள், நம் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி மாதிரி. சைவக்காரர்கள் கவனம், மேலே பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவிக் கொடுப்பார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொன்னால் அது இல்லாமல் வரும். நான் முதல் தடவை சொல்லாமல் வாங்கிவிட்டு, தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் மோத்வாவா ஆற்றங்கரைக்குப் போய் சோல்தெக் கப்பலில் ஏறுங்கள். போருக்குப்பின் போலந்து கட்டிய முதல் கடற்கப்பல், இந்தத் தளத்தில் 1948ல் தண்ணீரில் இறங்கியது, நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சுமந்தது, 1980ல் ஓய்வு பெற்றது, இப்போது மியூசியம். தலைவர் யார் பெயரும் இல்லை, எஃகுத் தகடுகளில் வெட்டவேண்டிய கோடுகளைக் குறித்துக்கொடுத்த ஸ்தானிஸ்வாவ் சோல்தெக் என்ற தொழிலாளியின் பெயர். கப்பலுக்குப் பெயர் சூட்டியதும் அவர் மனைவிதான். இன்ஜின் அறைவரை இறங்கலாம், படிகள் செங்குத்து, வழுக்காத ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.